அவுக வயரில் போன நம்ம கடுதாசி

ஏட்டி சுண்டு,

நேற்றுச் சாயங்காலம் கேபிள்காரர் வந்து பழைய நெட் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். நெட் வருகிறதா என்று பார்க்க உன் கம்ப்யூட்டரையும் போட்டார். நீ வைத்திருந்த மெயில் புரோகிராம் தானாகத் திறந்துகொண்டது. திறந்த உடனே ‘இணைக்க முடியவில்லை’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது. நெட் இன்னும் முழுசாக வரவில்லை, அவ்வளவுதான். அதற்குள் மனுசர் அவசரப்பட்டு செட்டிங்ஸுக்குள் போய்விட்டார்.

"யக்கா, இதுல செக்யூரிட்டிக்கு எஸ்எஸ்எல்னு போட்டு வச்சிருக்கு. அத எடுத்துட்டு ‘நன்’னு, ஒண்ணும் வேண்டாம்னு வச்சிருதேன். மெயிலு சல்லுன்னு போயிரும்."

"அதத் தொடாதிய."

"வீட்டுக்கு எதுக்குக்கா இதெல்லாம்? நம்ம லைன் தான?"

"உங்க லைன்ங்கதுனால தான் சொல்லுதேன். கைய எடுங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் நெட் வந்தது. புரோகிராம் பேசாமல் இணைந்துகொண்டது. அந்த எஸ்எஸ்எல் பூட்டு நீ போட்டபடி இருக்கிறது. இடது பக்கம் மேலே உன் பேர், இனிஷியலோடு. நீ போன பிறகு யாரும் தொடாத புரோகிராம். நான் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் சோறு குழைந்து கூழாகப் போனது. உன் அண்ணன் அதில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

உன்னை எத்தனையோ தடவை ‘சவத்து மூதி’ என்று திட்டியிருக்கிறேன். நீயும் "என்ன மைனி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாய். இப்போது அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவள் ஆட்டை அப்படித் திட்டினால்கூட நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

உன் அண்ணனுக்கு வாக்கப்பட்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. நான் ஆறாவதோடு நின்றவள். நீ பன்னிரண்டு முடித்தாய், கம்ப்யூட்டர் படித்தாய். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நைட்டிக் கம்பெனிக்குத்தான் போனோம். நான் மிஷினில், நீ ஆபீஸ் ரூமில். ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தே போவோம், நடந்தே வருவோம். வழியெல்லாம் நீ ஆபீஸ் கதை சொல்லுவாய். ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதலாளியின் மருமகன் வைத்துவிட்டுப் போன மெயில் செட்டிங்ஸைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சிரித்தாய்.

"போற மெயிலுக்குப் பூட்டுப் போட்டிருக்கான் மைனி, வாற மெயிலுக்குப் போடல. வாசக்கதவச் சாத்திட்டுப் பொறவாசலத் தொறந்து போட்ட மாதிரி."

அதை நீதான் சரிசெய்து கொடுத்தாய். முதலாளி அன்றைக்கு உன்னைக் கெட்டிக்காரி என்றார். நீ அந்தச் சொல்லை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாய். வெட்கமில்லாதவளே.

கட்டை சமாச்சாரம் உனக்கு முதலில் தெரியாது. ஆபீஸ் ரூமுக்குத் தனி பாத்ரூம் உண்டு. எங்களுக்கு ஒரு வரிசைக்கு ஒரு கட்டை, சிவப்புப் பெயிண்ட் அடித்த மரக்கட்டை. அது ஆணியில் தொங்கினால்தான் ஒருத்தி எழுந்து பாத்ரூம் போகலாம். அவள் திரும்பி வந்து மாட்டுகிற வரைக்கும் மற்றவள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். நீர்க்கடுப்பு இல்லாத பொம்பளை அந்த ஹாலில் கிடையாது. எனக்கு முற்றிப்போய்க் காய்ச்சல் வந்து, ரத்தமும் போனபோதுதான் நீ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

"தண்ணி குடிக்க மாட்டியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே நீ சொன்னாய். "கட்ட கிடைக்காது டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. உனக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நாங்கள் சோறு தின்கிற இடத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. நம்ம நைட்டியை மொத்தமாக வாங்குகிற பெரிய கம்பெனி ஒட்டச் சொன்னது. வேலை செய்கிறவர்களுக்குக் குறை இருந்தால் இந்த விலாசத்துக்கு மெயில் அனுப்பலாம், பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று தமிழில்தான் போட்டிருந்தது. அதற்குக் கீழேதான் நாங்கள் கை கழுவுவோம். ஒருத்தியும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நீ பார்த்தாய்.

ஆபீஸ் மெயிலில் அனுப்ப முடியாது. வீட்டில் இருந்து அனுப்பலாம் என்றாய். அங்கேயும் ஒரு இடைஞ்சல். நம்ம தெருவுக்கு நெட் கொடுப்பது முதலாளியின் மச்சான்.

"அவுக வயர்ல போற கடுதாசிய அவுக படிக்க மாட்டாவளா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத் தான மைனி பூட்டு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு வாசத்தோடு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். உன் அண்ணன் உள்ளே தூங்கினார். ப்ரவுசர் பாதியில் நின்றுவிடும், புரோகிராம் என்றால் எழுதி வைத்ததைப் பிடித்துவைத்திருந்து நெட் வந்ததும் அனுப்பும் என்று சொல்லி அதை ஏற்றினாய். வருவதற்கு ஒரு கட்டம், போவதற்கு ஒரு கட்டம். இரண்டிலும் பூட்டுக்கு மூன்று தினுசு இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று ஒன்று, ஸ்டார்ட் டிஎல்எஸ் என்று ஒன்று, எஸ்எஸ்எல் என்று ஒன்று.

"இந்த நடுவுல உள்ளது என்னட்டி?"

"அது வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டு, பொறவு உள்ள போயிக் கதவச் சாத்துதது. இடையில ஒருத்தன் சாத்த விடாமப் பண்ணிரலாம். நமக்கு இது வேண்டாம். கதவச் சாத்துன பொறவு தான் பேச்சே தொடங்கணும்." வருவதற்கு 993, போவதற்கு 465 என்று எண்ணைத் தட்டினாய்.

"வயரு அவுகளது தான மைனி. உள்ள போற பொட்டி நம்மளது. அவுக பொட்டியப் பாக்கலாம், தூக்கிப் பாக்கலாம், தொறக்க முடியாது."

பிறகு சர்ட்டிபிகேட் பற்றிச் சொன்னாய். நாம் யாரிடம் கொடுக்கிறோமோ அவர்கள் அவர்கள்தானா, வேறு எவனாவது அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறானா என்று புரோகிராம் பார்த்துக்கொள்ளுமாம். சரியில்லை என்றால் எச்சரிக்கை வருமாம், அப்போது ஓகே அமுக்கிவிடக் கூடாதாம். எனக்குத் தலை சுற்றியது. "எல்லாம் சரிட்டி, போயிச் சேந்த பொறவு?" என்று கேட்டேன்.

"சேந்த பொறவு அவுக கையில. பூட்டு வழிக்குத் தான் மைனி."

தெரிந்துதான் இருந்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கட்டை சமாச்சாரத்தை எழுதி எல்லாம் முடிந்து, கடைசியில் அனுப்புகிறவர் பேர் போடுகிற கட்டம் வந்தது. தையல் பெண்கள் என்று போடு, போதும் என்றேன். நீ நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

"மொட்டக் கடுதாசியா?"

"மொட்டையோ நெட்டையோ, பேர் வேண்டாம்ட்டி."

"நம்ம ஊர்ல மொட்டக் கடுதாசி எதுக்கு மைனி போடுவாவ? ஒரு பொண்ணு கல்யாணத்த நிறுத்தணும்னா போடுவாவ. கடங்காரன மாட்டிவிடப் போடுவாவ. நாம சொல்லுதது நெசம்லா? நெசத்துக்கு எதுக்கு மொட்ட?"

"பேரு எழுதி மாட்டிக்கிடாதட்டி. சொன்னாக் கேளு."

"அதான் ரகசியமா வைப்போம்னு போஸ்டர்லயே அடிச்சிருக்காவல்லா? பேர் இல்லாமப் போட்டா எவன் மதிப்பான்? குப்பையில போட்டிருவான்."

உன் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் இந்த வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்ததும், உன் அக்கா கல்யாணம் அதனால் நின்றுபோனதும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நீ பிடிவாதமாக இருந்தாய். உன் பேரை முழுசாக, இனிஷியலோடு அடித்தாய். அடித்துவிட்டுச் சிரித்தாய். "சும்மா இரிங்க மைனி, பயந்தாங்கொள்ளி" என்றாய்.

கடுதாசி போனது. அந்த மச்சான் படிக்கவில்லை. வழியில் ஒருத்தரும் படிக்கவில்லை. நீ சொன்னது அத்தனையும் சரிதான்.

ஆடித்தபசுத் திருவிழா லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையில் நீ ஆபீஸ் ரூமில் இருந்து வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றாய். முகத்தில் ரத்தம் இல்லை.

"மைனி, நம்ம கடுதாசி திரும்பி வந்திருக்கு. மொதலாளி மெயிலுக்கு. எம் பேரோட."

அந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் அதை அப்படியே முதலாளிக்கு அனுப்பியிருந்தார்கள். இதை விசாரித்துப் பதில் எழுதவும் என்று மேலே ஒரு வரி. கீழே நீ எழுதினது, உன் பேர், உன் விலாசம். பேரை அழிக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.

"அழிச்சிருட்டி! ஒடனே அழிச்சிரு!"

"அவரு போன்லயும் வந்திருக்கும் மைனி. அழிச்சு என்ன செய்ய?"

ஆபீஸ் மெயிலுக்கு நீயே போட்ட பூட்டு வழியாகத்தான் அது வந்தது. ஒரு எழுத்துக் குறையாமல், பத்திரமாக. சர்ட்டிபிகேட்டும் சரியாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் இருப்பது யார் என்று அது சொல்லுமாம். எப்பேர்ப்பட்டவர்கள் என்று சொல்லாது போல.

முதலாளி உன்னை ஹாலுக்கு நடுவில் நிறுத்தினார். மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"எம் மச்சான் லைன்ல இருந்து தான அனுப்புன? எங்க வயருலயே எங்களுக்கு வேட்டா?"

"அனுப்புனது ஒங்க வயர்ல தான் மொதலாளி. ஆனா நீங்க படிச்சது அந்தக் கம்பெனிக்காரவ அனுப்புனத. வயர்ல போகையில ஒங்களால படிக்க முடியல."

யாரோ ஒருத்தி பின்னால் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் உன்னை அன்றே வெளியே அனுப்பினார். நான் எழுந்து உன்னோடு வரப் பார்த்தேன். நீ கண்ணால் உட்காரச் சொன்னாய். உன் அண்ணனுக்கு அப்போது தறியில் வேலை இல்லை. உட்கார்ந்தேன்.

ஊரில் வேறு கம்பெனி உன்னை எடுக்கவில்லை. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், எல்லாருக்கும் சேதி போயிருந்தது. அதனால்தான் நீ ராஜபாளையம் பக்கத்து மில்லுக்கு வேனில் போனாய். விடிய முன்னே கிளம்பி, கோழிக்குஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டு. "மில்லுல கட்ட கிடையாது மைனி, நெனச்சாப் போலாம்" என்று அதையும் பெருமையாகச் சொன்னாய். ஐப்பசி மழையில் வேன் கவிழ்ந்தது. மற்றவர்கள் கை கால் ஒடிந்து பிழைத்தார்கள். நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே முடிந்துபோனாய்.

முதலாளி மாலையோடு வந்தார், தெரியுமா? பெரிய மாலை, நல்ல பிச்சிப்பூ. உன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு "வாங்க அண்ணாச்சி" என்றார். அவர் உன் மேல் மாலையைப் போட்டுவிட்டு, "நல்ல பிள்ள, கெட்டிக்காரி" என்றார். நான் அந்த மாலையைப் பிடுங்கி எறியவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அழுதேன். மறுவாரம் அவர் கம்பெனிக்கே வேலைக்கும் போனேன்.

உன் கடுதாசிக்காக அந்தப் பெரிய கம்பெனியில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் கட்டையைக் கழற்றினார்கள். பாத்ரூமில் புது சோப்பு வைத்தார்கள். எங்களை வரிசையாக உட்கார வைத்து, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, குறை உண்டா என்று கேட்டார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கட்டையை ஆணியில் திரும்ப மாட்டினார்கள். இப்போது மரம் இல்லை, பிளாஸ்டிக். அவ்வளவு முன்னேற்றம்.

போன வாரம் எனக்கு அடுத்த மிஷினில் மாசமாக இருக்கிற பிள்ளை, கட்டை வராமல் உட்கார்ந்த இடத்திலேயே சேலையை நனைத்துவிட்டாள். சூப்பர்வைசர் அவளையே துடைக்க வைத்தான். அவள் குனிய முடியாமல் குனிந்து துடைத்தாள். நாங்கள் எல்லாரும் மிஷின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று கை கழுவும்போது நான் நிமிர்ந்து அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்த விலாசத்துக்குத் திரும்ப அனுப்ப எனக்குப் பைத்தியமா? அதனால் லேபர் ஆபீஸில் போய்க் கேட்டேன். புகாரை மெயிலில் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்களாம். அவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. வேறு வழியும் தெரியாது.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிவிட்டேன். கீபோர்டில் நீ ஒட்டின தமிழ் ஸ்டிக்கர் பாதி உரிந்துபோனது, தேடித் தேடித்தான் தட்டினேன். பிழை நிறைய இருக்கும். பிறகு அனுப்புகிறவர் பேர் இருக்கிற கட்டத்துக்குப் போனேன். உன் பேரிலேயே அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். செத்தவளை வேலையை விட்டு நிறுத்த முடியாது, ஊரை விட்டுத் துரத்த முடியாது. ஆனால் உன் பேரை அங்கன இங்கன அலையவிட்டது போதும். அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என் பேரை இனிஷியலோடு அடித்தேன். இன்னும் அனுப்புகிற பட்டனை அமுக்கவில்லை. மவுஸைப் பட்டன் வரைக்கும் கொண்டுபோகிறேன், திரும்ப இழுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ சிரித்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏட்டி, உன் பேரை அடித்தபோது உனக்கும் இப்படித்தான் பயமாக இருந்ததா? எனக்காகத்தான் சிரித்தாயா?