மூன்று கொழுந்துக்காக ஒடிக்கப்பட்ட விரல்கள்

அனுப்புநர்:
வீரய்யா மனைவி பூரணி,
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
ஆறாம் நம்பர் லயம், ஹாட்பெல் தோட்டம்,
கொட்டகலை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி, நுவரெலியா.

விடயம்: 15-01-1962 அன்று ஹாட்பெல் பழைய பங்களாத் தாவரப் பூங்காவைப் பார்க்கப் போன இடத்தில் என் வலது கை விரல்கள் ஒடிக்கப்பட்டதும், என் மீதே திருட்டு வழக்குப் போடப்பட்டதும்.

மரியாதைக்குரிய ஐயா,

1. மேற்படி தோட்டத்தில் பதினோரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். நான் பறிக்கும் மலைக்கும் அந்தப் பூங்காவுக்கும் நடுவே ஒரு கல்மதில்தான். காப்பிக் காலத்துத் துரை போட்ட பூங்கா. விடுமுறை நாளில் சீட்டு எடுத்தால் யாரும் பார்க்கலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கமே நின்ற எனக்கு, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை. பொங்கலுக்கு மறுநாள் வேலை இல்லை. என் வீட்டுக்காரரும் நானும் புது உடுப்போடு போய், சீட்டு எடுத்து, வாசலில் இருந்த வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு உள்ளே நுழைந்தோம்.

2. மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவே சங்கிலி கட்டிக் காத்த ஒரே ஒரு செடியை மட்டும் அடையாளம் தெரிந்தது. அது தேயிலை. இந்தத் தோட்டத்தில் முதன்முதலில் நட்ட செடியாம். கொழுந்து தளதளவென்று நின்றது. ஒரு ரவுண்டு பறிக்காமல் தப்பி, முற்றப் போகிற பருவம். ஐயா, அதைப் பார்த்ததும் என் கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை. மூன்று கொழுந்தைக் கிள்ளி, மலையில் செய்கிற மாதிரியே தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டேன். முதுகில் கூடை இல்லை என்பது எறிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

3. அந்தக் கொழுந்து, விருந்தாளிகளோடு பின்னால் வந்துகொண்டிருந்த பூங்காப் பொறுப்பாளர் துரையின் சப்பாத்தில் விழுந்தது. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு எமனாயிற்று. துரை காவல்காரன் மூக்கனைக் கூப்பிட்டு, “அந்தக் கைய ஒடைச்சிப் போடு” என்று தமிழிலேயே சொன்னார்.

4. மூக்கன் எங்கள் மேல் லயத்துக் காளியாயி பெற்ற பிள்ளை. “டேய் மூக்கா, நாந்தாண்டா, பூரணியக்கா” என்று கத்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் வலது கையைப் பாத்தி ஓரக் கருங்கல்லில் வைத்து, சப்பாத்துக் காலால் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, தடியால் அடித்தான். முதல் அடியில் தோல் கிழிந்தது. இரண்டாவதில் ஆட்காட்டி விரல் ஒடிந்தது. காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. மொத்தம் ஆறு அடி, கொழுந்துக்கு இரண்டு. தடுக்க ஓடிவந்த என் வீட்டுக்காரரை வேறு இரண்டு காவல்காரர்கள் தலைமுடியைப் பிடித்துக் கல்படியில் இழுத்துப்போய், வயிற்றில் உதைத்து, முகத்தைப் படியில் மோதினார்கள். இரண்டு பல் அங்கேயே விழுந்தது. பிறகு இருவரையும் ஒரு மரத்தில் கட்டிப் போட்டார்கள். அந்த மரத்துக்கும் பெயர்த்தகடு இருந்தது. இதையெல்லாம் மனுவில் இவ்வளவு விரித்து எழுத வேண்டாம் என்று, எனக்காக இதை எழுதும் கடைக்காரர் ரிஸ்வி நானா சொன்னார். “எழுதுங்க நானா, அடி வாங்குனவ நான்” என்றேன்.

5. மதில் தாண்டி நுழைந்து அரிய செடியைத் திருடினோம் என்று எங்கள் மேல் வழக்கு. திருடுகிறவள் மடியில் செருகுவாளா, துரை காலில் எறிவாளா? என் முறைப்பாட்டைப் பொலிஸில் எழுதவில்லை. பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டார்கள். அடிக்கும்போது அதை யாரும் கேட்கவில்லை ஐயா.

6. மூன்று விரல் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, “வெரலு மடங்காதவளுக்கு மலையில என்னா வேல? கேசு முடியட்டும், பேர வெட்டிருவோம்” என்றார். பேர் வெட்டினால் வேலையோடு நாங்கள் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். வழக்கு 12-02-1962 அன்று.

7. ஆகவே, ஐயா அவர்கள் நேரில் விசாரித்து, திருட்டுப் பட்டத்தை நீக்கவும், அடித்தவனோடு அடிக்கச் சொன்னவரையும் சட்டத்தின் முன் நிறுத்தவும், என் பேரை வெட்டாமல் இந்தக் கைக்கு ஏற்ற வேலை தரச் சொல்லவும் மன்றாடுகிறேன்.

8. எங்களுக்காகச் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். பூங்கா வாசலில் உள்ள வருகைப் புத்தகத்தை மட்டும், அவர்கள் கிழிப்பதற்குள் வரவழைத்துப் பார்க்கவும். பொங்கலுக்கு மறுநாள் பக்கத்தில் ‘வீ. பூரணி’ என்று இருக்கும். கோணல்மாணலாக இருந்தாலும் அது என் கையெழுத்து. மதில் தாண்டி வந்தவள் வாசலில் பெயர் எழுதமாட்டாள். அந்தக் கை கடைசியாக எழுதியது அதுதான்.

இடம்: கொட்டகலை
திகதி: 29-01-1962

இப்படிக்கு,
வீ. பூரணி
(கையெழுத்துப் போடத் தெரிந்தவள், இடது பெருவிரல் அடையாளம்)

எழுதியவர்: எம். ரிஸ்வி, கொட்டகலைக் கடைவீதி