மகாராணி எடுத்த லாட்டு

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு, சிலமலையிலிருந்து உன் சித்தப்பன் ஒச்சப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா அம்மா, கறவை மாடு, எதிரே நிற்கும் மலை உட்பட எல்லாரும் சுகம். மஸ்கட்டில் நீயும், உன்னிடம் ஊசி வாங்கும் நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் பிள்ளை மகாராணி சாப்பிட்டுவிட்டாள் என்று உன் அம்மா போனில் சொன்னதற்கு, என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றீக, நான் வேலையை விட்டுட்டு வர்றேன் என்று அழுதாயாம். அதனால்தான் கண்ணால் பார்த்த சாட்சியாகிய நானே எழுதுகிறேன். உன் எட்டு மாதச் சீமாட்டி நீ விமானம் ஏறிய நாளிலிருந்து பால்புட்டியைத் தவிர எதற்கும் வாயைத் திறக்கவில்லை. மூணாறு ரோட்டில் மண் சரிந்தால்கூட இரண்டு நாளில் வழி திறந்துவிடும், இவள் திறக்கவில்லை. உன் அம்மா முளைகட்டிய கேப்பையை அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சி, வலப்பக்கம் உட்காருவாள். உன் மாமியார் சந்திரவல்லி, பேத்திக்காக எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்தவள், காயவைத்த ஏத்தன் வாழைக்காயைப் பொடித்துக் கிண்டிய குறுக்குக் கஞ்சியோடு இடப்பக்கம். கேப்பை குடிச்ச பிள்ளதேன் கல்லு மாதிரி இருக்கும் என்பாள் உன் அம்மா. அதான் கல்லு மாதிரி வாயை மூடிக்கிருச்சு என்பாள் உன் மாமியார். இரண்டு கரண்டிக்கும் நடுவில் பிள்ளை அலறிய அலறலில் பக்கத்துத் தேவாரம் ஊர்க் காட்டு யானைகள் வெள்ளாமையை விட்டுவிட்டுக் கேரளாவுக்கே ஓடிவிட்டன.

போடி ஏலக்காய் ஏல மையத்தில் சாம்பிள் பை தூக்கியே தலை நரைத்தவன் நான், எனக்கா வழி தெரியாது? அங்கே ஒவ்வொரு குவியலுக்கும் லாட்டு என்று ஒரு நம்பர்தான், எந்தத் தோட்டத்துக் காய் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது, வியாபாரி தானே கையை விட்டு அள்ளி, மோந்து, கடித்து முடிவு செய்வான். அந்தச் சட்டத்தை வீட்டில் கொண்டுவந்தேன். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், லாட்டு ஒன்று, லாட்டு இரண்டு. சூடு ஆறியதா என்று தொட்டுப் பார்த்துப் பாயில் வைத்தேன், மகாராணியை எதிரே உட்கார்த்தினேன், இனி யாராவது கரண்டியைத் தூக்கினால் ஏலம் ரத்து என்று அறிவித்தேன். கொழுந்தனாரே, புத்தி கெட்டுப் போச்சா, பச்சப்புள்ள என்ன ஏலக்கா யாவாரியா என்றாள் உன் அம்மா. வியாபாரி முதலில் என்னை முறைத்தாள். பிறகு லாட்டு ஒன்றில் கையை விட்டுத் தலையில் தேய்த்துக்கொண்டாள். லாட்டு இரண்டைக் கவிழ்த்தாள், என் சலவை வேட்டி தொலைந்தது. பாயில் ஓடிய இரண்டையும் சேர்த்துப் பிசைந்தாள், கையை உற்றுப் பார்த்தாள், வாய்க்குள் விட்டாள். சப்பினாள், மகளே! சப்பிவிட்டு மறுபடி அள்ளினாள்! நான் போட்ட கூச்சலுக்குப் போடிமெட்டில் ஏறிக்கொண்டிருந்த ஜீப்புகள் பிரேக் போட்டு நின்றதாகக் கேள்வி. என் கேப்பை வாசத்துக்குத்தேன் தின்னா என்றாள் உன் அம்மா. ஆமா மதினி, இனிப்பு மட்டும் வானத்துல இருந்து விழுந்துச்சாக்கும் என்றாள் சந்திரவல்லி. இப்போது இருவரும் ஒரே சட்டியில் கலந்து கிண்டுகிறார்கள். உப்பு, சர்க்கரை, ஊட்டிவிடுதல் மூன்றும் வீட்டில் தடை.

நான் சொல்வதில் பத்தில் ஒன்பதைக் கழிப்பவள் நீ. கழித்துக்கொள் ஆத்தா, மிச்சத்தை எழுதுகிறேன். அன்றைக்கு உள்ளே போனது ஒரு சின்னக் கரண்டிதான். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட. நேற்று அரைக் கிண்ணம், துப்பவில்லை. அங்கன்வாடியில் எடை போட்டதில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன் வீட்டுக்காரர் அருண்பாண்டி பக்கத்தில் நின்று பார்த்தார், அவரிடமே கேட்டுக்கொள். வேலையை விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, அவள் சாப்பிடும் நேரத்தில் வீடியோவில் வந்துவிடாதே. உன் முகத்தைக் கண்டதும் கை நின்றுவிடுகிறது, போனை நோக்கித் தவழ்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் நாங்களே கூப்பிடுகிறோம். முகத்தைக் கழுவாமலே காட்டுகிறோம்.

குலசாமி உன் கூடவே நிற்கும்.

இப்படிக்கு,
வேட்டி இழந்த உன் சித்தப்பன்
ஒச்சப்பன்