ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்

அன்பு மகள் ஒடிலியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். அலாஸ்காவின் குளிரும் ஆஸ்பத்திரியில் உன் இரவு வேலையும் உன்னை வாட்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசிய வாரத்திலேயே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

இங்கே உறைபனி அடித்து இரண்டு மாதம் ஆகியும் தோட்டம் தேறவில்லை. புல்தரை முழுக்க வைக்கோல் நிறம். உன் அப்பாவுக்குப் பொறுமை ஏது, பனி விலகிய கையோடு ஒரு மூட்டை உரத்தை வாங்கி வந்து கொட்டிவிட்டார். பக்கத்து வீட்டு சுலேமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "ஏன் எவரிஸ்டோ, மயங்கிக் கெடக்கறவன் வாயில சோத்தத் திணிக்கிறீங்க? மொதல்ல அவன் கண்ணத் தொறக்கட்டும்யா" என்று சிரித்தாள். புல்லைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டுமாம், மண்ணைவிட்டு வராமல் முரண்டு பிடித்தால் உயிர் இருக்கிறது, கையோடு வந்தால் போனதுதான். வாசல் பக்கம் முரண்டு பிடித்தது. தெற்குப் பக்கம் பாயைச் சுருட்டுகிற மாதிரி அப்படியே வந்துவிட்டது, அங்கே புதுப் புல்தான் பதிக்க வேண்டும். செம்பருத்தி அடியிலிருந்து துளிர்க்கிறது. காகிதப்பூக் கொடி சருகாக நிற்கிறது, அதை வெட்டித் தள்ள எனக்குக் கை பரபரக்கிறது, ஆனால் ஈஸ்டர் முடிகிறவரை கத்தரியைத் தொடக்கூடாது என்று சுலேமா உத்தரவு போட்டிருக்கிறாள். காய்ந்த கொம்புதான் மிச்ச உயிருக்குப் போர்வையாம். உன் ஊர் மரங்கள் எட்டு மாதம் பனியில் நின்றுவிட்டுப் பச்சை விடும் என்கிறாய். வெயிலிலேயே வளர்ந்த நம் ஊர் மரங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது மகளே.

ஆரஞ்சு மரத்தைப் பற்றித்தான் நீ கேட்பாய், எனக்குத் தெரியும். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும், வாடகை வீட்டில் புதைக்க மாட்டேன் என்று நீ அதை இங்கே கொண்டுவந்து அந்தக் கன்றின் வேரோடு வைத்து மண் போட்டாய். குழந்தை காய்ச்சலில் போனபிறகு, நீயும் அவ்வளவு தூரம் போய்விட்ட பிறகு, ஒவ்வொரு போனிலும் மரம் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாய். அந்தப் பனி இரவில் உன் அப்பா மற்ற எதையும் கவனிக்கவில்லை. நம் கட்டில் விரிப்புகளையெல்லாம் அதற்குப் போர்த்தி, இங்கே எல்லாரும் செய்வதுபோல் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைக் கிளை கிளையாகச் சுற்றி எரியவிட்டார். மரம் முழுக்க ஜொலித்தது. காலையில் உள்ளே வந்தவர் அடுப்பருகே நின்றுகொண்டு, "அந்த பல்பு சுடவே இல்லடி டெல்ஃபினா. தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருக்கு. விடிய விடிய வெறும் வெளிச்சத்தத்தான் போட்டிருக்கேன்" என்றார். பழைய குண்டு பல்புகள் சுடும், அந்தச் சூட்டில்தான் ஒவ்வொரு பனிக்கும் மரங்கள் தப்பின. கரண்ட் மிச்சமாகும் என்று போன வருடம்தான் அதையெல்லாம் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினார். அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் தளிர் வந்துவிட்டது என்று போனில் நான் கத்தினேனே, அது பொய்யில்லை. நீ அழுதுகொண்டே சிரித்தாய், ஜூனில் வருகிறேன், தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாய். நீ போனதிலிருந்து வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் சுலேமாவை இழுத்துவந்து காட்டினேன். அவள் குனிந்து தளிர் கிளம்பிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "இது ஒட்டுக்குக் கீழேருந்து வருது டெல்ஃபினா. அடியில இருக்கறது நாரத்தை வேர். மேல ஒட்டுன ஆரஞ்சு போயிருச்சு" என்றாள். நகத்தால் மேல்பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். எங்கே சுரண்டினாலும் பழுப்புதான், துளிப் பச்சை இல்லை. இதைச் சொன்னால் நீ ஜூனில் வரமாட்டாயோ என்று பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். அலைந்து திரிந்து அதே உயரத்தில் ஒரு ஆரஞ்சு மரம் வாங்கி வந்து, "ராவோட ராவா மாத்தி நட்டுருவோம், அவளுக்கு என்ன தெரியப்போகுது" என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அந்த மரம் இன்னும் தொட்டியிலேயே கிடக்கிறது, தண்ணீர் மட்டும் ஊற்றுகிறார்.

சனிக்கிழமை நானே கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். நாரத்தையை விட்டால் முட்புதராகிவிடும், பழம் வந்தாலும் வாயில் வைக்க முடியாது, நீ வருவதற்குள் வெட்டிவிடுவோம் என்று. தளிரைப் பிடித்ததும் முள் ஒன்று கட்டைவிரலில் நறுக்கென்று இறங்கியது. என்னை அறியாமல், "ததேயோ! கடிக்காதடா கழுதை!" என்று அதட்டிவிட்டேன். பல் முளைத்த நாளில் என் தோளையும் விரலையும் கடித்தபோதெல்லாம் இப்படித்தானே அவனைத் திட்டுவேன். அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பெயரை நாம் யாருமே சொன்னதில்லை ஒடிலியா, குழந்தை குழந்தை என்றே ஒப்பேற்றி வந்திருக்கிறோம். உன் அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். தண்ணீர் அவர் செருப்பின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதோம்.

நம் ஆரஞ்சு மரம் செத்துவிட்டது மகளே, உன்னிடம் இனி மறைக்கமாட்டேன். தளிரை நான் வெட்டவில்லை. அது அவன்தான் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, ஆனால் நீ தொப்புள்கொடியை வைத்தது அந்த வேரில்தான். வெட்டுவதா விடுவதா என்பதை நீ வந்து சொல். மரத்தைப் பார்க்க வரவேண்டாம். அவன் பெயரைச் சொல்லி அழ இங்கே இரண்டு பேர் இருக்கிறோம், எங்களோடு உட்கார வா.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. வரும்போது நீளக்கைச் சட்டை எடுத்து வா, முள் பொல்லாதது.

உன் அம்மாவும்
ததேயோவின் பாட்டியுமான
டெல்ஃபினா