முகம் பார்க்காத பேச்சு

காஞ்சிபுரம்
6-7-2025

பிரவீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் நாம் இருவரும் பேசியதில்லை, எழுதியது நல்லதே. உன் பத்து வயது மகள் ஜீவிதா உன்னிடம் எதையும் சொல்வதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். முப்பது ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவளிடம் தவளையைப் பற்றிக் கேள். பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தேர்ச்சி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்து வருகிறேன்.

நம் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் கந்தனும் அவன் மனைவி எல்லம்மாளும் ஒரே தறியில் சேர்ந்தே நெய்கிறார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அவன் நூல்கண்டு வைத்த ஒரு நாடாவைத் தறியின் குறுக்கே வீச, பக்கத்தில் அமர்ந்து அவள் கரை நாடாவைத் தள்ள வேண்டும். கண் நகர்ந்தால் கரை கோணிவிடும். மகள் அபிநயா பள்ளி விட்டு வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். மூன்று நாள் முன்பு காதில் விழுந்தது:

"யம்மா, அந்தப் புள்ள டிபன்பாக்ஸ ஒளிச்சு வெச்சது நான்தாம்மா."

"ஏன்டி?"

"என்னை உட்டுட்டு வேற பெஞ்சுல போயி குந்திக்கினா."

"நாளைக்கு இன்னாமா பண்ணப் போற?" என்றான் கந்தன். தறி நிற்கவில்லை.

ஒருவரும் திரும்பிப் பார்க்காததால்தான் சொல்கிறாளா? அறிய ஆவலாக இருக்கிறது. உன் சிறுவயதில் நான் உன்னை எதிரே நிறுத்தி, "கண்ணைப் பார்த்துச் சொல்" என்பேன். நீ என்னிடம் எதை மறைத்தாய்?

சம்பூர்ணம்

புனே
20-7-2025

அன்புள்ள அம்மா,

செய்து பார்த்தேன். பாத்திரம் தேய்த்தபடி, திரும்பாமல், "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள், "வேன்ல பெரிய பசங்க என் பையைத் தூக்கிப் போட்டு விளையாடறாங்க. சொன்னா நீ கத்துவ" என்றாள். கத்தவில்லை. பள்ளியில் பேசி, டிரைவர் அருகே இடம் வாங்கிவிட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். பதினைந்து வயதில் ஒரு மாதம் கணக்கு டியூஷனுக்குப் போகாமல் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எதிரே நிறுத்திக் கேட்டபோது, சினிமாவுக்குப் போனதாகச் சொன்னேன். ஒன்பது நாள் என்னோடு நீங்கள் பேசவில்லை. அந்த டியூஷன் சார் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொல்வார். கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். உங்கள் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

பிரவீனா

காஞ்சிபுரம்
26-7-2025

பிரவீனா,

பொய் சொன்னதற்குத் தண்டித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவளுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றாமல் போயிற்று. தவறு என்னுடையது.

அவர் பெயரை நீ எழுதவில்லை, தேவையும் இல்லை. போன பொங்கல் வரை அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன். இன்னும் டியூஷன் நடத்துகிறார். நேற்று மாலை, பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தாய்மார்கள் வாசலில் நிற்கும் நேரம் பார்த்துப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "சார், எல்லாரையும் அனுப்பிட்டு ஒரு பொண்ணை மட்டும் இருக்கச் சொல்ற பழக்கம் இன்னும் இருக்குதா?" என்றேன், உரக்க.

"உள்ள வாங்க டீச்சரம்மா, பேசிக்கலாம்."

"இங்கேயே பேசுங்க."

 ஒரு தாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மகளைக் கையோடு அழைத்து வந்தாள். பிறகு மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

காவல் நிலையத்துக்குப் போவதானால் உடன் வருவேன். அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கமாட்டேன்.

அம்மா