மறந்த இடத்தில் ஒரு கோடு

அம்மா,

இன்று உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன்னைப்போல முறைத்துப் பார்க்கத்தான். துடைக்கும் துணிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதில் என் கையெழுத்து: “மேடம், நீங்க தூங்கிட்டீங்களா?”

பாலக்கரையில் ஒரு மாடியறையில் சனிக்கிழமைதோறும், மனப்பகுப்பாய்வு பயில்கிறவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் ஊரார் மனசைத் தோண்டப் பழகினார்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த நான் அவர்கள் பையைத் தோண்டினேன். தங்களிடம் வந்தவர் ஒரு மணி நேரம் பேசியதை, குறிப்பெடுக்காமல், நினைவிலிருந்து எழுதவேண்டும். “மறந்த இடத்த நிரப்பாதீங்க. கோடு போட்டு விடுங்க” என்பாய். வாசித்து முடித்ததும் தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போடுவாய், பேசியவர் ரகசியம் வெளியே போகக்கூடாதென்று.

ஒரு பையில் கிடைத்த தாளில், அப்படி ஒரு கோட்டின்மேல்தான், பேச வந்தவரே கேட்டதுபோல அந்த வரியை எழுதி வைத்தேன். தாளுக்குரிய அக்கா உரக்கப் படித்துவிட்டு வெளிறிப்போனார். “உண்மைதான் டீச்சர். அன்னிக்குக் கண்ணசந்துட்டேன்.” எல்லோரும் சிரித்தார்கள், உன்னைத் தவிர. ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில், காவிரிப் பாலம் வந்ததும் என் பக்கம் திரும்பினாய். “அது அவங்க கோடு. அதுல எழுத நீ யாருடி?” என்றாய். வாளிக்குப் போகாமல் அந்தத் துண்டை மட்டும் நீ எடுத்து வைத்தது இன்றுதான் தெரிகிறது.

நீ போன அன்று காலை, ஸ்கூலுக்குக் கிளம்பிய என்னிடம் வாசல் கேட்டருகே நின்று ஏதோ சொன்னாய். என் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். மத்தியானம் உனக்கு மாரடைப்பு.

“கடைசியா உங்கிட்ட என்னம்மா சொன்னா?” என்று அப்பா கேட்டார்.

“அப்பாவப் பாத்துக்கோன்னு சொன்னாங்க.”

பொய் சொல்ல எனக்கு யோசனையே தேவையில்லை, உனக்குத் தெரியும். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதையே சொல்கிறார். அவர் ஆரம்பித்ததும் நான் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன்.

இன்று அந்தக் காலையை உன் முறைப்படி எழுதினேன். கேட்டைப் பிடித்திருந்தாய். கையில் மாவு. வாய் அசைந்தது. அடுத்து ஒரு கோடு. அப்பாவிடம் கொடுத்தேன்.

“இங்க என்ன?”

“தெரியலப்பா. அன்னிக்கு நான் சொன்னது புருடா.”

அவர் விரல் அந்தக் கோட்டின்மேல் போய்ப்போய் வந்தது. “கையில மாவு இருந்துச்சா?” என்றார்.

“இருந்துச்சுப்பா.”

அது நிஜம், அம்மா. எனக்கு மிஞ்சியது அந்த மாவும் அந்தக் கோடும்தான். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று வாயில் ஆயிரம் வசனம் முட்டுகிறது. ஒன்றையும் எழுதவில்லை. அது உன் கோடு.