மைக்கில் என் பெண்டாட்டி பெயர்

ஆகஸ்டு 3, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்தல். காற்று இல்லை. ரோஸ்லின் வயிற்றில் வைக்கிற சுடுதண்ணீர்ப் பை ஓட்டை, புதுசு வாங்கணும். ஃபேன் ரெகுலேட்டர் பார்க்கணும். இரண்டும் நடக்கவில்லை. காரணம் சபை.

நானும் ரோஸ்லினும் போனோம். வழக்கம்போலக் கதவோரம் உட்கார்ந்தாள், நடுவில் எழுந்து போக வசதி. பாட்டு, பிரசங்கம், அப்புறம் ஜெப விண்ணப்பம். வீடு கட்டி முடிய ஒருத்தர், மகனுக்குப் பெண் அமைய ஒருத்தர். அடுத்தது பாஸ்டர் கணீரென்று மைக்கில்:

"நம்ம சகோதரி ரோஸ்லின். சிறுநீர்ப் பையில தீராத வலி. அடக்க முடியல. கம்பெனி பஸ்சுல போயி வர்றதுக்குள்ள செத்துப் பொழைக்கிறாங்க. சகோதரிக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்."

கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் இரண்டு. அத்திப்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். சபைப் பக்கமே வராதவன் காதிலும் விழும். என் பெண்டாட்டியின் மூத்திரப் பை ஊர் பூரா ஒலிபரப்பு.

உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். முக்காடு போட்டு, கண்ணை மூடி, "ஆமென்" என்றாள். ஆமெனாம்.

வெளியே வந்ததும் கேட்டேன், எவ சொன்னது இதை என்று. "உடுய்யா. வெயிலு ஏறுது, ஊட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான் பதில்.

எனக்குத் தெரியாதா. என்னையும் டாக்டரையும் விட்டால் விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் அக்கா எஸ்தர். அந்த வாய்க்குப் பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகஸ்டு 4, திங்கள்

புழுக்கம். அவள் விடியலிலேயே பஸ் ஏறிவிட்டாள். எனக்குப் பகல் ஷிஃப்ட். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட் பக்கம் நிற்கும்போதும் அந்த மைக் சத்தம்தான் மண்டைக்குள்.

வியாதியின் பெயர் நீளம், எனக்கு எழுத வராது. பை நிரம்ப நிரம்ப எரிச்சல், குத்தல். போய் வந்தால் கொஞ்ச நேரம் அடங்கும். மறுபடி. டெஸ்டில் கிருமி இல்லை, கல் இல்லை. அதனாலேயே வருஷக்கணக்காக ஒரு டாக்டரும் நம்பவில்லை. ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். பிரச்சினை நீதான்யா என்று சொல்லியிருக்கணும். சொல்லாமல் வந்ததற்கு இன்னும் என்மேல் கோபம்.

கடைசியில் சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் பெயரைச் சொன்னார். முழுசாகப் போகாது, தணித்து வைக்கலாம். புளி, தக்காளி, மிளகாய், டீ கூடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கணும், குடிக்காவிட்டால் எரிச்சல் இன்னும் ஏறும்.

குடிக்கிறாளா? இல்லை. பஸ்தான் காரணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் ஒயர் கட்டும் கம்பெனி. அங்கே கக்கூஸ் உண்டு, போகலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இடைஞ்சல் எல்லாம் வழியில். மீஞ்சூர், பொன்னேரி, ஹைவே என்று சுற்றி ஆள் ஏற்றும் பஸ், ஆள் ஏறியதும் கிளம்பிடும். எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு மாறலாம் என்றால் அதிலும் கக்கூஸ் இல்லை. அதனால் முந்தின சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். நான் வாங்கித் தந்த ஸ்டீல் பாட்டில் ஆணியில் தொங்குது, வாங்கினது வாங்கினபடி. வலி கூடுது. மறுநாளும் இதே கதை.

வேலையை விட்டுடு என்று எத்தனையோ தடவை சொல்லியாச்சு. "நான் இன்னா தப்பு பண்ணேன், வேலைய உடறதுக்கு?" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, கம்பெனியில் ஒரு லைனுக்கே அவள்தான் லீடர். டிரைவர் முனிரத்தினத்திடம் நான் பேசட்டுமா என்றால், "நீ வாயத் தொறந்தா பஸ்சு நிக்காது, சண்டதான் நிக்கும்."

மைக் புண்ணியத்தில் டீக்கடையில் இன்று இலவசமாகக் கிடைத்த வைத்தியம்: சோம்புத் தண்ணி. வெந்தயம். தொப்புளில் விளக்கெண்ணெய். "எல்லாம் சூடுதாம்பா." ஆரணியில் ஒரு ஆள் நாட்டு மருந்து. "ஒரு கொழந்த பொறந்தா சரியாப் பூடும்." கடைசியாகச் சொன்னவனை அடிக்கக் கை போனது. டீயை மட்டும் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

வள்ளூர், அக்கா வீடு. வண்டியை நிறுத்தும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை என்றால் ரோஸ்லினுக்கு என்று புளி போடாத பூசணிக்காய்க் கூட்டு செய்து டப்பாவில் தருவாள். டப்பா மேடைமேல் தயாராக இருந்தது.

"டேய், இன்னாடா இது. தெருவே கேக்குது."

"ஊரே கேட்டாச்சு. இனிமே தெரு கேட்டா இன்னா. எதுக்குப் போயி பாஸ்டர் கையில சொன்ன?"

"நான் சொல்லல."

"அப்ப ஏசுவே நேரா வந்து சொன்னாரா?"

"நான் சொல்லலடா. அதுக்கு மேல என்னக் கேக்காத."

கேட்காத என்றதும் எனக்கு வெறி ஏறிவிட்டது. அப்போது வாயில் வந்ததை எழுதவே கூசுது, ஆனாலும் எழுதுகிறேன். "உனுக்குன்னு ஒரு புள்ள குட்டி இருக்குதா? ஊரு கத பேசறதுதான உன் பொழப்பு."

அக்கா டப்பா மூடியை எடுத்தாள், அழுத்தி மூடினாள், என் பக்கம் நகர்த்தி வைத்தாள். எடுக்காமல் வந்துவிட்டேன்.

அவள் செய்ததற்கு அது வேண்டும். வண்டி ஓட்டும்போது வழி முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்டு 6, புதன்

சாயங்காலம் இடி. நாலு தூறல், அதற்கே கரண்ட் போச்சு.

ரோஸ்லினுக்கு இன்று மோசம். வேலையிலிருந்து வந்ததும் பாத்ரூமில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தால் உடனே திரும்பப் போகணும், அதற்கு உள்ளேயே இருப்பது மேல் என்கிறாள். கதவுக்கு வெளியே நான். உள்ளே இருந்து சத்தமே இல்லை. அழுதால்கூடத் தேவலை.

சுடுதண்ணீர்ப் பை வாங்கியாச்சு.

மதியம் கேன்டீனில் புளிக்குழம்பு. இரண்டு தடவை வாங்கி ஊற்றித் துண்ணேன். வீட்டில் புளி வாசனையே மறந்துபோச்சு. துண்ணு முடித்ததும் என்மேலேயே எரிச்சல். குழம்பின் மேலும்.

அக்கா போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

ஆகஸ்டு 7, வியாழன்

மேகமூட்டம். லீவு சொல்லிவிட்டுப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கேட்கவேண்டியதை வழியிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். ஒருத்தர் வியாதியை மைக்கில் சொல்வதற்கு யார் உரிமை கொடுத்தது, இத்யாதி.

பாஸ்டர் வெளியூர். பாஸ்டரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார். மனப்பாடம் பண்ணியது அத்தனையும் அவரிடம் ஒப்பித்தேன். கீரையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னா தம்பி சொல்ற. ரோஸ்லினேதான வந்து விண்ணப்பத்தக் குடுத்துது. நான்கூடக் கேட்டேன், பேரு வாணாம், ஒரு சகோதரின்னு சொல்லச் சொல்லட்டுமான்னு. வாணாம்மா, பேரச் சொல்லணும், வியாதியச் சொல்லணும், பஸ்சையும் சொல்லணும்னுச்சு. ஊட்ல சொல்லலியா?"

நாஷ்டா சாப்பிட்டுப் போகச் சொன்னார். எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வந்தவளிடம் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்டேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்ப?"

"ஊரு பூரா கேட்டுச்சுடி."

"கேக்கட்டும்னுதான் சொன்னேன். வழியில எங்கனா நிறுத்துங்கன்னு முனிரத்தினம் அண்ணன் கையில போன மாசமே கேட்டேன். ஒருத்திக்காக நிறுத்தினா கம்பெனில என்னக் கேப்பாங்கம்மா, பஸ்சுல எல்லாரும் சொன்னா நிறுத்தறேன்னாரு. பஸ்சுல பாதிப் பேரு நம்ம சபை. ஒவ்வொருத்தி காதுலயும் போயி என் மூத்திரப் பையப் பத்தி சொல்லிக்கினு கெடக்கச் சொல்றியா? ஒரே வாட்டி, மைக்குல. முடிஞ்சிது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"சொன்னா நீ கோவப்படுவ. அப்பறம் உன்ன சமாதானம் பண்ணணும். வலியப் பாக்கறதா, உன் கோவத்தப் பாக்கறதா? ரெண்டுக்கும் தெம்பு இல்லய்யா எனக்கு."

இத்தனை நாளும் அவளுக்காகத்தான் கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவள்தான் சுமந்திருக்கிறாள். இப்போது வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

சோறு போடும்போது கேட்டாள். "எஸ்தர் அண்ணி ரெண்டு நாளா போனே எடுக்கல. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

சார்ஜ் இருக்காது என்றேன்.

ஆகஸ்டு 8, வெள்ளி

ஷிஃப்ட். வெயில். அக்கா வீட்டுக்குப் போகணும். போகவில்லை.

பஸ்ஸில் பெண்கள் எல்லாரும் டிரைவரிடம் சொல்லிவிட்டார்களாம். நாளையிலிருந்து கவரப்பேட்டை தாண்டிப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்துகிறாராம். நின்றால் பார்ப்போம். வாயால் நிறுத்தின பஸ் எத்தனை பார்த்தாச்சு.

ஆகஸ்டு 9, சனி

எனக்கு வாராந்திர லீவு. விடியற்காலைக் காற்று குளிர்ச்சி.

ரோஸ்லின் ஆணியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஸ்டிக்கரைக் கிழித்தாள், கழுவினாள், தண்ணீர் பிடித்தாள். வாசலிலேயே கொஞ்சம் குடித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "இன்னா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் பஸ் ஏறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாடியே போனேன். நிறுத்தாமல் போனால் குறுக்கே விட்டு நிறுத்திவிடுவது என்று முடிவு.

நின்றது. ரோஸ்லின் முதலில் இறங்கினாள், பாட்டில் கையில். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. வயிறு தள்ளின ஒரு பெண், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து. நரைத்த தலை அம்மா ஒருத்தர். நிற்கவே இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கக்கூஸ் வாசலில் வரிசை, உள்ளே போகிறவளின் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு வேறு.

இத்தனை பேருமா இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள்? எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

முனிரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, போலீசு மாதிரி பின்னாலயே வர்ற?"

"இவ்ளோ பேரு எறங்கறாங்களே அண்ணே."

"அத்தத்தான் நானும் பாத்துக்கினு கீறேன். ஒருத்தியும் வாயத் தொறக்கலியே இத்தினி நாளு."

பஸ் கிளம்பியது. வண்டியை நேரே வள்ளூருக்குத் திருப்பினேன்.

அக்கா வாசல் தெளித்துக்கொண்டு இருந்தாள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லணும், அந்த வார்த்தை இந்த வாயில் வந்து பழக்கமில்லை. வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"அக்கா, அது வந்து... ரோஸ்லினேதான் பாஸ்டரம்மா கையில..."

"தெரியும்," என்றாள். மிச்சத் தண்ணீரை ஓரமாக ஊற்றினாள். "மொதல்ல எங்கிட்டதான் வந்து கேட்டா, சொல்லட்டுமான்னு. உங்கிட்ட மட்டும் சொல்ல வாணாம்னா."

நான் கத்தியபோதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சைப் பேசியபோதும் தெரியும்.

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். வாசற்படியில் நின்றாள்.

"பஸ்சு நின்னுச்சாடா?"

நின்னுச்சு என்றேன்.