காணாக்கடிக்காகத் தள்ளிப்போட்ட கல்யாணம்

என் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய வாய், எல்லாம் சௌக்கியம். அங்கே உன் தோலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு நடுவில்தான் எழுதுகிறேன், எண்ணெய்க் கறை இருந்தால் கண்டுகொள்ளாதே. எட்டு மாதமாக உடம்பெல்லாம் தடித்து அரித்து வந்து வந்து போகிற காணாக்கடி அடியோடு ஒழிந்தபிறகுதான் கல்யாணத் தேதி என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாயாமே. அவர் போனில், "அத்தை, தடிப்போட வந்தாலும் பரவாயில்ல, அவ வந்தா போதும்" என்றார். போதாக்குறைக்கு உன் அப்பா வேறு தினமும் போனில் முட்டை கூடாது, மீன் கூடாது, தக்காளி கூடாது என்று உன்னைப் பட்டினி போடுகிறார். முன்பு எனக்கு இரண்டரை வருஷம் இருந்த காணாக்கடியைத் தன் பத்தியம்தான் விரட்டியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார்தட்டுகிறாரே, உண்மையைச் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். அந்த இரண்டரை வருஷமும் பத்தியம் வீட்டில் மட்டும்தான். கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா கொண்டுவரும் அவித்த முட்டையில் பாதி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை முட்டை இல்லாமலே தடித்தது, திங்கட்கிழமை தின்றும் தடிக்கவில்லை.

டாக்டரம்மா அப்போதே சொன்னார், பலருக்கு இதன் காரணமே பிடிபடாதாம், தானாகத்தான் அடங்குமாம், சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஐந்து வருஷம், அதற்கு மேலும் ஆகலாம், போனது திரும்புவதும் உண்டு, தேதி மட்டும் யாராலும் சொல்ல முடியாது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிழைப்பைப் பாருங்கள் என்று. எனக்கு வந்த நாள் நினைவிருக்கிறது, போன நாள் தெரியாது. டாக்டரம்மா மாத்திரையை மெல்ல மெல்ல நிறுத்தியபின் ஒருநாள் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான், அடடா, சொறிந்து எத்தனை மாசமாயிற்று என்று உறைத்தது. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஒன்றிடம் அனுமதி கேட்டுக்கொண்டா கல்யாணத்துக்கு நாள் குறிப்பது?

மாத்திரையை நீயாக நிறுத்தாதே. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எனக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. இந்த வாரமே நாளைச் சொல், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாண உடுப்புக்குத் துணி வெட்டிவிட்டேன். தடிப்பை மறைக்க நீ கேட்ட முழுக்கை கிடையாது, அரைக்கைதான். அன்றைக்குத் தடித்தால் தடித்துவிட்டுப் போகட்டும், அந்தக் கையைத்தான் அவர் பிடிக்கப்போகிறார்.

மகராசியாய் இரு,
உன் அம்மா